அடுத்த ஆட்டம் எந்த ஊரில்?

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். படிவங்கள் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே நிரப்பப்படுகின்றன, கேள்விகளைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், பதினேழாவது கேள்வி எதற்காக இருக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். பதினேழாவது கேள்வி இதுதான்: கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் பெயர் என்ன, தொலைபேசி எண் என்ன.

எடுக்காதே என்றேன். ஏன் என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

என் பெயர் நூர்ஜஹான். சொந்த ஊர் மேலப்பாளையம். என் கணவருக்கு நியூ ஜெர்சியில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு. 2001-ல் கிரீன் கார்டு வந்த மாதமே நான் வேலை தேட ஆரம்பித்தேன். தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி, மூன்று வாரத்துக்கு டைப் அடிக்க என்று என்னை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பியது. கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துப் போட்டி ஒன்றை நடத்தும் அலுவலகம். மொத்தம் ஆறு பேர்.

அங்கே தலைமை மார்லீன். இருபது ஆண்டுகள் கோச்சாக இருந்துவிட்டு வந்தவர், ஆறடி உயரம், நரைத்த கிராப். உங்களுக்கு எந்த அணி பிடிக்கும் என்று கேட்டார். நான் கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன். இது போச்சு என்று நினைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தேன். நாளைக்கே வந்துவிடுங்கள் என்றார். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேர், தங்களுக்குப் பிடித்த அணிகளை வரிசையாகச் சொல்லி வேலையை இழந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரம் என்று போனவள், பதினெட்டு வருடம் இருந்தேன்.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதத்தில் கல்லூரி சீசன் முடியும். மிகச் சிறந்த அணிகள் பெரிய போட்டிக்குப் போய்விடும். அதற்கு அழைப்பு வராத அணிகளில் நல்லவற்றைச் சேர்த்து நடக்கும் போட்டி எங்களுடையது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அணிகள் மோதும். ஆட்டம் அந்த இரண்டில் ஒன்றின் சொந்த ஊரில் நடக்கும். சொந்த ஊர் என்றால் சொந்தக் கட்டில், சொந்தக் கூட்டம், காலையில் வகுப்புக்கும் போகலாம். மற்ற அணிக்கு விமானம், ஹோட்டல், தவறிப்போகும் பரீட்சை. அதனால் எந்த ஊரில் ஆட்டம் என்பதே பாதி வெற்றி. அதை முடிவு செய்வதுதான் எங்கள் வேலை.

ஒவ்வொரு கல்லூரியும் முன்கூட்டியே படிவம் அனுப்பியிருக்கும். அரங்கம் எந்தெந்த நாளில் காலி, இரண்டு அணிகளுக்கும் ஒரே தரத்தில் உடைமாற்றும் அறைகள் உண்டா, வழக்கமாக எத்தனை பேர் பார்க்க வருகிறார்கள், விமான நிலையம் எவ்வளவு தூரம், ஆட்டத்தை நடத்த எவ்வளவு தொகை தரத் தயார். இதோடு, போன சுற்றில் யார் பயணம் செய்தார்கள் என்பதையும் பார்ப்போம். இதில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. மார்லீன் ஒரு மஞ்சள் தாளின் நடுவில் பென்சிலால் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஓர் அணி, அந்தப் பக்கம் ஓர் அணி என்று எழுதுவார். நான் ஒரு தகவல் சொன்னால், சரியா தவறா என்று கேட்க மாட்டார். "யார் சொன்னது?" என்று கேட்பார். படிவத்தில் இருக்கிறது என்று சொன்னால் பென்சில் நகராது. முடிவு செய்கிற நாட்களில் அலுவலகத்தில் டிவி போடவே கூடாது. ஆட்டத்தைப் பார்த்தால் ஏதாவது ஒரு அணி மேல் ஆசை வந்துவிடும் என்பார்.

முதல் மார்ச்சிலேயே நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு சின்னக் கல்லூரியின் படிவத்தில் அரங்கம் தயார் என்று இருந்ததை அப்படியே நம்பி, ஆட்டத்தை அங்கே கொடுக்கலாம் என்று எழுதிவிட்டேன். மார்லீன் அந்த வாரம் காய்ச்சலில் இருந்ததால் அது அப்படியே போய்விட்டது. வெளியூர் அணி முந்தின நாள் பயிற்சிக்குப் போனால் கட்டடம் பூட்டியிருந்தது. வசந்த விடுமுறைக்கு ஊழியர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். சாவி யாரிடம் என்று அந்தக் கல்லூரியில் ஒருவருக்கும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் பதினான்கு பெண்கள் பார்க்கிங் லாட்டில், லேசாகப் பனி விழுந்துகொண்டிருக்க, குதித்துக் குதித்து உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டு நின்றார்களாம். மறுநாள் மார்லீன் வந்தார். என் வேலை போய்விட்டது என்று மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு காலிப் படிவத்தை எடுத்து, கடைசிக் கேள்விக்குக் கீழே பென்சிலால் பதினேழு என்று போட்டு, சாவியைப் பற்றிய அந்தக் கேள்வியை எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்த ஊருக்கு ஆட்டத்தைக் கொடுப்பதாக இருந்தாலும், அந்தக் கட்டடத்தைத் திறக்கிற மனிதரிடம் ஒரு வார்த்தை பேசாமல் நான் விட்டதில்லை. வாட்ச்மேன், துப்புரவு மேற்பார்வையாளர், எலக்ட்ரீஷியன் என்று அமெரிக்கா முழுவதும் எனக்குக் குரல் பழக்கம் ஏற்பட்டது.

இனி அந்தக் கலிஃபோர்னியா ஆட்டம். நான் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. மூன்றாம் சுற்று, வியாழக்கிழமை ஆட்டம். ஒரு பக்கம் டெக்சாஸில் சுகர் லேண்ட் பக்கத்துக் கல்லூரி. இன்னொரு பக்கம் சான்டா கிளாராவுக்குப் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். டெக்சாஸ் அணி ஒருமுறை சொந்த ஊரில் ஆடியிருந்தது. கலிஃபோர்னியா அணி இரண்டு சுற்றும் வெளியூரில் ஆடி ஜெயித்திருந்தது. அந்த அணியில் கடைசி வருடம் படிக்கும் நான்கு பெண்கள். சீசன் முடிந்த பிறகு நடக்கும் எந்த ஆட்டத்தையும் சொந்த ஊரில் ஆடியதே இல்லை. ஐயாயிரம் பேர் உட்காரும் அரங்கம். வியாழக்கிழமை காலி என்று படிவம் சொன்னது. மார்லீனின் மஞ்சள் தாளில் அந்தப் பக்கம்தான் கனமாக இருந்தது. திங்கள்கிழமை மதியம் மூன்று மணிக்குள் இரண்டு ஊருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

காலை பதினொன்றுக்கு, அங்கே எட்டு மணி, பதினேழாவது கேள்வியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் பேசியது. வியாழக்கிழமை அரங்கம் காலிதானே என்றால், நேராகப் பதில் சொல்லாமல், படிவத்தில் என்ன போட்டிருக்கிறது என்று என்னையே கேட்டது. எழுதிக்கொள்ளலாம் என்று மேஜையைத் துழாவினேன். "இந்தப் பேனா எங்க போய்த் தொலைஞ்சிச்சு" என்று வாய்க்குள் முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

"மேடம், நீங்க தமிழா?"

"ஆமா. நீங்க?"

"பொள்ளாச்சிப் பக்கம்ங்க. சண்முகம்."

அதற்குப் பிறகு அவர் குரலே மாறிவிட்டது.

"அக்கா, காலின்னு போட்டது நான் இல்லைங்க. வியாழன்லருந்து சனி வரைக்கும் ஹைஸ்கூல் பிள்ளைங்களோட ரோபோ காம்பெடிஷன். போன வருஷமே புக் பண்ணிட்டாங்க. நாப்பது டீம் வருது. மர ஃப்ளோரை நேத்தே கழட்டி அடுக்கியாச்சு."

"அப்ப படிவத்துல எப்படிக் காலின்னு வந்துச்சு?"

"டீம் ஜெயிச்சுட்டே வருதில்லைங்க. மேல இருக்கறவங்க அந்தப் பிள்ளைங்களைப் பார்க்கிங் லாட்ல டென்ட் போட்டு உக்கார வச்சுக்கலாம்னு பேசிட்டிருக்காங்க. மழைன்னு சொல்லியிருக்கான் வியாழக்கிழமை. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. ரெண்டு பிள்ளைங்க காலேஜ்ல இருக்காங்க எனக்கு."

சொல்ல மாட்டேன் என்றேன். திரும்பிப் பார்த்தால் மார்லீன் கதவருகே நிற்கிறார். நான் என்ன மொழி பேசினேன் என்று அவருக்குத் தெரியாது; என் முகத்தைப் பார்த்திருக்கிறார். அரங்கம் காலி இல்லை என்றேன். யார் சொன்னது என்று வழக்கம் போலக் கேட்டார். சாவி வைத்திருப்பவர், ஆனால் அவர் பெயர் வெளியே வரக்கூடாது என்றேன். அவர் மஞ்சள் தாளை என் மேஜையில் வைத்து, பென்சிலையும் அதன் மேல் வைத்தார். நீயே பேசியிருக்கிறாய், நீயே முடித்துவிடு என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அவர் பென்சிலை நான் தொட்டது அன்றைக்குத்தான்.

எளிதான வழி ஒன்று இருந்தது. படிவம் பொய், ஆட்டம் டெக்சாஸுக்கு என்று இரண்டு வரி எழுதினால் முடிந்தது. சட்டப்படியும் சரி. ஆனால் பொய் எழுதியது அந்த நான்கு பெண்கள் இல்லையே. இரண்டு சுற்றும் வெளியூரில் ஆடி ஜெயித்து வந்தவர்கள் அவர்கள். ஆட்டத்தை அங்கேயே கொடுத்தால், ஒரு வருடமாக ரோபோ செய்துவிட்டு வரும் பள்ளிப் பிள்ளைகள் மழையில் நிற்பார்கள். மஞ்சள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டெக்சாஸ் பக்கமும் சும்மா இல்லை. சின்ன அரங்கம்தான், ஆனால் எப்போதும் நிறைந்திருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் விதிகளில் ஒன்று உண்டு: கேட்டால் அரங்கத்தின் அந்த வார அட்டவணையை அனுப்ப வேண்டும். யாரும் கேட்பதில்லை. நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநருக்குப் போன் போட்டு, வழக்கமான பரிசோதனை, அட்டவணையை ஃபேக்ஸ் செய்யுங்கள் என்றேன். இருபது நிமிடம் ஃபேக்ஸ் வரவில்லை. அவரே போனில் வந்தார். சின்னச் சிக்கல் ஒன்று இருக்கிறது, பார்த்துக்கொள்கிறோம் என்றார். என்ன சிக்கல் என்று கேட்டு, அவர் வாயாலேயே ரோபோவை வரவழைத்தேன். அந்தப் பிள்ளைகளை நகர்த்துவதாக இருந்தால் ஆட்டம் டெக்சாஸுக்குப் போகும், உங்களிடம் வேறு கூடம் இருக்கிறதா என்று கேட்டேன். பழைய ஜிம் ஒன்று இருக்கிறது, தொள்ளாயிரம் பேர்தான் உட்காரலாம், அதில் போய் ஆட முடியாது என்றார் எரிச்சலாக.

ஆட வேண்டியவர்களைக் கேட்கலாமே என்று தோன்றியது. அந்த அணியின் கோச் டெனிஸ் என்ற இளம் பெண். அவருக்கு ரோபோ விஷயமே அதுவரை தெரியாது. என்னை இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, தினமும் காலை ஆறு மணிக்கு நாங்கள் பயிற்சி செய்வது அந்தப் பழைய ஜிம்மில்தான், தரையில் எந்தப் பலகையில் பந்து சரியாக எழும்பாது என்று என் பெண்களுக்குத் தெரியும், அதையே கொடுங்கள் என்றார். அங்கே உடைமாற்றும் அறை ஒன்றுதானே என்றேன். அதை டெக்சாஸ் அணி வைத்துக்கொள்ளட்டும், நாங்கள் நடன வகுப்பறையில் மாற்றிக்கொள்கிறோம் என்றார். முப்பது விநாடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்பது விதி. அதைக் காட்டும் கடிகாரங்களில் ஒன்று அங்கே ஓடவில்லை. சண்முகத்துக்கு மறுபடி போன் செய்தேன். பெரிய அரங்கத்துக் கடிகாரத்தைக் கழற்றி மாட்டித் தருகிறேன் என்றார். டெக்சாஸ் கோச் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறதா? சண்முகத்தை அளந்து சொல்லச் சொன்னேன். இருந்தது.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மஞ்சள் தாளில் கலிஃபோர்னியாவின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்லீன் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். வீட்டில் சொன்னதும் என் கணவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆட்டத்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றாவது தெரியுமா என்று கேட்டார். அது தெரியும், படிவத்தில் இருக்கிறது.

புதன்கிழமை சான் ஹோசே விமான நிலையத்துக்குச் சண்முகமே வந்திருந்தார். ஐம்பது வயது, பெரிய மீசை, இடுப்பில் வாக்கி டாக்கி. வழியில் சாப்பிட நேரமில்லை என்று அவர் மனைவி டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கொடுத்துவிட்டிருந்தார். அன்று சாயங்காலம் வரை இருவரும் டேப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பழைய ஜிம்மை அளந்தோம். என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவீர்களோ என்று திங்கட்கிழமை முழுக்கப் பயந்தேன் என்றார். இப்போது என்றேன். இப்போது வேறு பயம், இங்கே தோற்றுப்போனால் என்ன ஆகும் என்று என்றார்.

வியாழக்கிழமை மழை கொட்டியது. சீசன் டிக்கெட் வைத்திருந்த பலருக்கு இடம் மாறிய செய்தி போய்ச் சேரவில்லை. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் மழையைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஆட்டம் ஏழு மணிக்கு. ஆறேகாலுக்கு ஜிம்மில் இருநூறு பேர் கூட இல்லை. இயக்குநர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சண்முகம் எங்கேயோ காணாமல் போனார். ஆறரைக்குக் கதவு திறந்தது. பெரிய அரங்கத்திலிருந்து அன்றைய ரோபோப் போட்டி முடிந்து பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிறச் சட்டை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட பாதுகாப்புக் கண்ணாடி. அவர்களைக் கூப்பிட்டு வந்தது சண்முகம்தான். பத்தே நிமிடத்தில் உட்கார இடமில்லை. இயக்குநர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பு ஆட்டம் ஆரம்பித்து இரண்டு நிமிடம்தான் நின்றது. பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து என்னைப் போலத்தான், ஒன்றும் தெரியாது. அவர்களுடைய போட்டியில் எதிரணியின் ரோபோ நன்றாக ஓடினாலும் கைதட்ட வேண்டும் என்பது பழக்கமாம். அதனால் டெக்சாஸ் பெண் பந்தை வளையத்தில் போட்டாலும் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். வெளியூரில் இப்படி ஒரு வரவேற்பை டெக்சாஸ் அணி கண்டதே இல்லை. ஜாஸ்மின் என்று ஆறடி மூன்றங்குலப் பெண் ஒருத்தி, பந்து போட்டுவிட்டுக் கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளை மறித்து ஆடியவள் கெல்லி, கடைசி வருடப் பெண்கள் நால்வரில் ஒருத்தி. ஆட்டம் முழுக்க இருவரும் ஒட்டிக்கொண்டே ஓடினார்கள். பதினோரு விநாடி மிச்சமிருக்கும்போது சமம். ஜாஸ்மின், கெல்லியின் கைக்கு மேலே ஒரு பந்தை எறிந்தாள். இரண்டு புள்ளியில் டெக்சாஸ் ஜெயித்தது. பிள்ளைகள் அதற்கும் கத்தினார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. பெரிய அரங்கத்தில், தங்களுடைய கூட்டத்துக்கு நடுவில் ஆடியிருந்தால் இந்தப் பெண்கள் ஜெயித்திருப்பார்களோ என்ற எண்ணம் வந்துவிட்டது. மார்லீன் எதற்காக டிவி போட விடுவதில்லை என்று அப்போது புரிந்தது. இயக்குநர் கைகொடுக்காமல் என்னைத் தாண்டிப் போனார். சண்முகம் மாப்பை வைத்துத் தரையைத் துடைப்பதைப் போல என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் வாயைத் தொறந்திருக்கக் கூடாதுங்களா, அக்கா?"

"நீங்க தொறக்கலன்னா அந்தப் பிள்ளைங்க இந்நேரம் மழையில நின்னிருக்கும்" என்றேன். டெனிஸ் நடன வகுப்பறையிலிருந்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்து, எங்கள் நான்கு பெண்களும் ஒருமுறை சொந்த ஊரில் ஆடிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை என் விமானம் மாலையில். டெக்சாஸ் அணிக்கும் அப்படித்தான். ரோபோப் பிள்ளைகள் இரண்டு அணிகளையும் காலையில் வந்து பார்க்கச் சொல்லி அழைத்திருந்தார்கள். டெக்சாஸ் பெண்கள் முழு அணியாக வந்தார்கள். தோற்ற அணி வராது என்று நினைத்தேன். பத்தரை மணிக்கு டெனிஸ் தன் பெண்களோடு வந்து நின்றார். கெல்லி கடைசியாக, தலைக்கு மேல் துணியைப் போர்த்திக்கொண்டு.

ஒரு பள்ளியின் ரோபோ, பஞ்சுப் பந்துகளை வளையத்துக்குள் எறிகிற மாதிரி செய்யப்பட்டிருந்தது. உணவு இடைவேளையில் யாரோ ஜாஸ்மினைக் கூப்பிட்டார்கள்: ரோபோவுக்குப் பத்துப் பந்து, உனக்குப் பத்துப் பந்து. ரோபோ முதலில் எறிந்தது. பத்தில் ஏழு உள்ளே போனது. ஜாஸ்மின் சிரித்துக்கொண்டே முதல் பந்தை எடுத்தாள். எடையே இல்லாத பந்து. வளையத்துக்கு ஓரடி முன்னாலேயே விழுந்தது. இரண்டாவது பக்கவாட்டில் போயிற்று. மூன்றாவதும் தவறியதும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். இனி ஒன்று கூடத் தவறக்கூடாது.

அப்போதுதான் கெல்லி முன்னால் வந்தாள். முழங்கையை உள்ளே வை, வேகமாக எறி, நேற்று என் தலைக்கு மேலே போட்டாயே அந்த மாதிரி என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னாள். ஜாஸ்மின் திரும்பிப் பார்த்துவிட்டு முழங்கையை உள்ளே இழுத்தாள். நான்காவது போனது. ஐந்தாவது, ஆறாவது. கெல்லி அவளுக்குப் பக்கத்திலேயே போய் நின்று, ஒவ்வொரு பந்தாக எடுத்துக் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். இரண்டு அணிப் பெண்களும் தோளோடு தோளாக ஒரே வரிசையில் நின்று எண்ணினார்கள். சண்முகம் தமிழில் எண்ணினார். பத்தாவது பந்து வளையத்தின் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது.

ஏழுக்கு ஏழு. இரு பக்கத்துப் பெண்களும் ஜாஸ்மினைத் தூக்க முயன்று, முடியாமல், எல்லாரும் சேர்ந்து கீழே விழுந்தார்கள். ரோபோவைச் செய்த பிள்ளைகள் விட்டுக்கொடுக்கவில்லை. சமமாக இருக்கிறது, இன்னொரு சுற்று வைக்க வேண்டும் என்றார்கள். யார் முதலில் எறிவது என்று கேட்டு, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.